எந்த நோவுக்கு எந்த வாசல்?



நம் கடைக்கு வருகிறவர்களை வந்த வரிசைப்படி கவனிப்பது நம் வழக்கம். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் அவ்வழக்கம் செல்லாது. சிங்கப்பூரில் அங்கு வருகிறவர்களை நோயின் கடுமையைப் பார்த்து, பி1 முதல் பி4 வரை நான்கு தரமாகப் பிரிக்கிறார்கள். உயிர் ஊசலாடுகிறவர் பி1. உடனே உள்ளே போவார். சளியுடன் போகிறவர் பி4. அவர் முந்தி வந்திருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். ஆகவே எந்த நோவுக்கு எந்த வாசல் என்பதை முன்கூட்டியே அறிந்து வைத்தல் நலம்.

முதல் வாசல்: அக்கம்பக்கத்துக் கிளினிக்கும் பலதுறை மருந்தகமும். சளி, இருமல், சாதாரணக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சிறு காயம் ஆகியவற்றுக்கு இதுவே போதும். நீரிழிவு உள்ளவர் மட்டும் காலில் பட்ட சிறு புண்ணையும் அசட்டை செய்யாமல் விரைவில் காட்டிவிட வேண்டும்.

இரண்டாம் வாசல்: அவசரக் கவனிப்பு நிலையம். அலெக்சாண்டிரா ஆஸ்பத்திரியில் இத்தகைய நிலையம் உண்டு. முன்பதிவு வேண்டியதில்லை. சரக்குப் பெட்டி பிரிக்கையில் கத்தி பட்டுத் தையல் போட வேண்டிய காயம், ஏணியிலிருந்து சறுக்கிக் கணுக்கால் வீங்குதல், எலும்பு முறிந்ததோ என்ற ஐயம் ஆகியவற்றுக்கு ஏற்ற இடம் இது. உயிருக்கு ஆபத்தில்லை, நாளைக்கென்று தள்ளவும் இயலாது. அப்படிப்பட்டவை இங்கு வரவேண்டும்.

மூன்றாம் வாசல்: 995. நெஞ்சை அழுத்தும் வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், ஒரு கை விழுதல், பேச்சுக் குழறுதல், நிற்காத இரத்தப்போக்கு, நினைவிழத்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் வேறு வாசல் தேடக்கூடாது.

நம்மவர் தவறுவது இங்கேதான். காலை பத்து மணி; கடையில் கூட்டம். முதலாளிக்கு நெஞ்சு இறுகி முகம் வேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

“நானா, ஆம்புலன்சைக் கூப்பிடட்டுமா?”

“வாய்வுதான் தம்பி. கடை அடைத்தபின் கிளினிக்குக்குப் போய்க்கொள்ளலாம்.”

மாரடைப்பில் இரத்தக் குழாய் அடைபட்டதும் இதயத்தின் தசை நிமிடத்துக்கு நிமிடம் பட்டுப்போகிறது. மூளையில் குழாய் அடைபட்டாலோ, கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். கடை அடைக்கும் வரை காத்திருந்தால் அந்த நேரம் கடந்துவிடும். நீரிழிவுக்காரருக்கு வலியின்றியே மாரடைப்பு வருவதுமுண்டு. வெறும் மூச்சிரைப்பும் வேர்வையும் திடீர்க் களைப்புமே அடையாளமாக இருக்கலாம். அந்நிலையில் தாமே காரோட்டிச் செல்வதும் ஆபத்து.

எனவே இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். கல்லாப்பெட்டியின் அருகில் 995 என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். உண்ணும் மருந்துகளின் பட்டியலை அடையாள அட்டையுடன் வையுங்கள். “எனக்கு நெஞ்சுவலி கண்டால் என்னைக் கேளாமலே கூப்பிடு” என்று கடைப் பையனிடம் சொல்லி வையுங்கள். பிற்பகலில் விட்ட வியாபாரத்தை மறுநாள் பிடித்துக்கொள்ளலாம். காலங்கடந்த சிகிச்சையை எந்த விலை கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது.