இதய நோயும் மருதம்பட்டையும்

வத்தலக்குண்டில் மஞ்சளாற்றங்கரையை அறிந்தோர்க்கு மருதமரம் புதிதன்று. நீரோரம் வெளிறிய பட்டையுடன் ஓங்கி நிற்கும் அம்மரத்தையே ஆயுர்வேதம் 'அர்ஜுனம்' என்கிறது. இதய நோய்க்கு அம்மருத்துவம் போற்றும் மூலிகைகளுள் இது தலையாயது.

சரக சம்ஹிதை இதய நோயை வாதம், பித்தம், கபம், முக்குற்றமும் கூடியது, கிருமியால் வருவது என ஐவகைப்படுத்துகிறது. 11ஆம் நூற்றாண்டினரான சக்கரபாணி தத்தர் மருதம்பட்டையைப் பாலில் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார். இத்தகைய பாற்கஷாயத்திற்குப் பொது அளவு: மருந்துத்தூள் 1 பங்கு, பால் 8 பங்கு, நீர் 32 பங்கு. நீர் வற்றிப் பால் எஞ்சியதும் வடித்தல் வேண்டும்.

நம் சமயத்தாரும் மருத்துவம் வளர்த்தனர். 9ஆம் நூற்றாண்டில் உக்ராதித்தர் இயற்றிய 'கல்யாணகாரகம்', ஊனும் தேனும் மதுவும் நீக்கியே மருந்துகளைக் கூறுவது நமக்குப் பெருமை.

மூலிகையை அலோபதியும் புறக்கணிக்கவில்லை. 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தி வேர் இரத்தக் கொதிப்பைத் தணிப்பதை ஆங்கில மருத்துவ இதழில் எழுதினார். 1952இல் அவ்வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. ஆயினும் மூலிகை என்பதனாலேயே தீங்கற்றதாகிவிடாது. நம் வேலியோரத்து மஞ்சள் அரளியின் விதை இதயத் துடிப்பையே நிறுத்தவல்ல நஞ்சு.

நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். ஓர் இரவு எம் தமையனார் நெஞ்சு இறுகுகிறது என்றார். வாயுப்பிடிப்பு என்றெண்ணி ஓமநீர் கொடுத்துவிட்டு, விடியட்டும் எனக் காத்திருந்தோம். விடிந்தபின் மருத்துவர் அதனை மாரடைப்பு என்றார். உயிர் தப்பியது, ஆனால் இதயத்தசையில் ஒரு பகுதி கெட்டுவிட்டது. அவ்விரவின் காத்திருப்பு எம் பிழையே.

ஆதலின் மூன்றனை மனத்தில் இருத்துவோம்.

1. நெஞ்சு இறுக்கம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் கண்டால் கஷாயம் காய்ச்ச வேண்டா. உடனே 108ஐ அழையுங்கள். பெண்களுக்கும் நீரிழிவுடையோர்க்கும் வலியின்றி, வெறும் சோர்வாகவோ குமட்டலாகவோ வருதலும் உண்டு.

2. மருதம்பட்டை குறித்துச் சிறு ஆய்வுகள் நடந்துள்ளன. எனினும் மாரடைப்பு சிகிச்சைக்கு அது மாற்றாக நிறுவப்படவில்லை. மருத்துவர் தந்த மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். பட்டையை உட்கொள்வதாயின் இரு மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

3. மரத்தைச் சுற்றிலும் பட்டை உரித்தால் அது பட்டுப்போகும். ஓரறிவுயிர்க்கும் இரங்குவது நம் அறமன்றோ!

பொழுது சாயுமுன் அளவோடு உண்ணல் நம் முன்னோர் வகுத்த நெறி. அதனோடு உப்பையும் எண்ணெயையும் குறைத்து, நாள்தோறும் நடப்போமாக. இன்று மாலை வீட்டுப் பிள்ளைகளை அழைத்து, முதற்குறிப்பிலுள்ள அறிகுறிகளைச் சொல்லச் செய்யுங்கள். அவர்கள் பிழையின்றிச் சொல்வார்களாயின் இப்பாடம் பயன் தந்ததாகும்.