கார்புரேட்டர் கடைசியில்

கோடைக்கானல் மலையில், அடுக்கம் பக்கம், ஏ.டி.வி. எனும் நாலு சக்கர பைக்கைப் புதிதாகப் பெட்டி பிரித்து இறக்கியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. எங்காவது சுற்றுலாப் பயணிகளைச் சுற்றிக் காட்டித் தேய்ந்து, இரண்டு மூன்று கை மாறி, டேங்க் மூடிக்குப் பதிலாகத் துணி அடைத்த நிலையில்தான் அது மலைக்கு வந்து சேரும். பெரும்பாலும் சீனத்தில் செய்த 110 சிசி வண்டி. ஒட்டியிருக்கும் பெயருக்கும் செய்த கம்பெனிக்கும் சம்பந்தம் இருக்காது. கையேடு கிடையாது. பட்டறைக்காரர்கள் தூரத்தில் பார்த்தவுடனேயே கையை விரித்துவிடுவார்கள். அதனால்தான் விலை மலிவு. நான் வாங்கியதும் அந்த விலைக்காகத்தான், காப்பித் தோட்டத்துச் சரிவிலிருந்து மூட்டையை ரோட்டோரம் வரை கொண்டுவர.

பட்டறைக்காரர்கள் பயப்படத் தேவையில்லை என்பது என்ஜினை ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால் தெரியும். சிலிண்டர் படுத்த வாக்கில் முன்னோக்கி நீண்டிருக்கும். இதே படுத்த சிலிண்டர்தான் 1985-ல் இங்கே வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100-லும், 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டரிலும். எல்லாமே ஹோண்டா 1958-ல் கொண்டுவந்த சூப்பர் கப் வம்சம். சீனக் கம்பெனிகள் அந்த அமைப்பைத்தான் நகலெடுத்தன. ஆகவே ஸ்ப்ளெண்டரைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த எந்தப் பையனும் இந்த வண்டியின் என்ஜினில் கை வைக்கலாம். வால்வு இடைவெளி, பிளக், ஆயில் எல்லாம் ஏறக்குறைய அதே கணக்கு. உதிரி வாங்கப் போகும்போது மட்டும் பெயர் சொல்லிக் கேட்காமல், பழைய சாமானைக் கையில் எடுத்துப்போய் அளவு பார்த்து வாங்க வேண்டும்.

பட்டறைக்கு அனுப்பலாமே என்பார்கள். பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, அடுக்கம் வழியாகப் பெருமாள்மலை ஏறும் எங்கள் ரோடு மழைக்காலத்தில் எந்த நாள் திறந்திருக்கும், எந்த நாள் மண் சரிந்து மூடியிருக்கும் என்று ஜோசியக்காரர்தான் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கோடை மலை ரோடுகளில் மரங்கள் விழுந்து கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அதோடு, பதிவெண் இல்லாத இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகவும் முடியாது. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-வது பிரிவு, பதிவு இல்லாத வண்டியைப் பொதுரோட்டில் ஓட்ட விடுவதில்லை. மினி லாரியில் ஏற்றி இறக்கும் கூலியில் ஒரு கார்புரேட்டரே வாங்கிவிடலாம்.

கார்புரேட்டர் என்றதும் விஷயத்துக்கு வருகிறேன். வண்டி மேட்டில் இழுக்கவில்லை என்றால் எல்லாருடைய கையும் முதலில் போவது அங்கேதான். "அண்ணே, அந்த ஸ்க்ரூவை அரைச் சுத்து விட்டா ஏறிரும்ணே" என்று பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நிற்பான். நான் அவனைத் தொடவிடுவதில்லை. என் வரிசை வேறு: முதலில் ஏர் பில்டர், பிறகு பிளக், பிறகு டேப்பட், பிறகு பெட்ரோல், அதன்பின் இன்டேக் குழாயில் காற்றுக் கசிவு. ஐந்தும் சரியாக இருந்து வண்டி இன்னும் முரண்டு பிடித்தால்தான் கார்புரேட்டர். அந்தக் கட்டம் வருவது அபூர்வம்.

ஏர் பில்டர் இந்த வண்டிகளில் வெறும் ஸ்பாஞ்ச். தோட்டத்துச் செம்மண் தூசியும் பனியும் சேர்ந்து அதில் சேறாகப் படிந்துவிடும். காற்று குறைந்தால் பெட்ரோல் அதிகமானதற்குச் சமம், வண்டி கறுப்புப் புகை விடும். சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து, என்ஜின் ஆயில் கொஞ்சம் தடவி, கசக்கிப் பிழிந்து மாட்டினால் போதும். ஆயில் தடவாத ஸ்பாஞ்ச் தூசியைப் பிடிக்காது. ஓரத்தில் கிழிந்திருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். அந்தக் கிழிசல் வழியாகப் போகும் மணல்தான் பிஸ்டன் ரிங்கைத் தின்கிறது.

பிளக்கைக் கழற்றினால் வண்டி தன் கதையைச் சொல்லிவிடும். முனை இளம்பழுப்பாக, அரைவறுவலில் எடுத்த காப்பிக்கொட்டை மாதிரி இருந்தால் எரிதல் சரி. கரிபிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. வெளுத்துச் சாம்பல் நிறமாக இருந்தால் பெட்ரோல் குறைவு, சூடு ஏறுகிறது. எண்ணெய் ஈரம் தெரிந்தால் ரிங் அல்லது வால்வு சீல். மேடேறி வந்த கையோடு என்ஜினை அணைத்துப் பார்த்தால்தான் இந்தச் சாட்சி நம்பத்தக்கது. சும்மா நிற்கவிட்டு ஐடிலில் ஓடிய பிளக் எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும்.

டேப்பட்தான் பலர் தொடவே தொடாத இடம். வண்டி காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகும், சூடானதும் ஐடிலில் நிற்காது, மேட்டில் மூச்சு வாங்கும், அணைத்துவிட்டால் மறுபடி உயிர் வராது. இந்த நான்கும் சேர்ந்து வந்தால் என் சந்தேகம் வால்வு இடைவெளி மேல்தான். என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். இடப்பக்க மூடிகளைக் கழற்றி, பிளைவீலைச் சுற்றி, டி குறியை வெட்டுக்குறிக்கு நேராக நிறுத்துங்கள். இப்போது இரண்டு டேப்பட்டும் விரலால் லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் நீங்கள் நிற்பது தவறான ஸ்ட்ரோக்கில், இன்னொரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். ஃபீலர் கேஜில் 0.05 மில்லிமீட்டர் தகடு லேசாக உரசிக்கொண்டு போய் வந்தால் சரி. பழைய ஸ்ப்ளெண்டருக்கும் இதே அளவுதான். லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி அளக்க வேண்டும், இறுக்கும்போது இடைவெளி நகர்ந்துவிடும். லேசான டிக் டிக் சத்தம் கேட்பதில் தவறில்லை. சத்தமே இல்லாத பழைய என்ஜின்தான் எனக்குப் பயம். இடைவெளி இல்லாத வால்வு முழுதாக மூடாது, மூடாத வால்வு கருகும்.

பெட்ரோலில் இப்போது புதுச் சிக்கல். பங்க்கில் வருவது இ20, ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். எங்கள் பனிக்காலத்தில் அரை டேங்க் பெட்ரோலோடு நிற்கும் வண்டியில் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்து வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள், அடியில் தண்ணீர் தனியாக உருளும். பழைய ரப்பர் டியூப்புகளும் அதில் ஊறி உப்பி வெடிக்கின்றன. ஜெட் அடைத்தால் கம்பி விட்டுக் குத்தக் கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். பெட்ரோலில் ஊறவைத்து சைக்கிள் பம்ப்பால் ஊதினால் போதும்.

இனி கார்புரேட்டரைத் திறக்கலாம். மலைக்கும் கார்புரேட்டருக்கும் உள்ள கணக்கு தெரியாமல் திறக்கக் கூடாது. பெரியகுளம் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. கோடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் எந்தச் சின்ன என்ஜினும் மேலே போகப் போக, நூறு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் என்று பலம் இழக்கும். அந்த இழப்பை எந்த ஸ்க்ரூவாலும் மீட்க முடியாது. வண்டியைத் திட்டுவதில் அர்த்தமில்லை. மீட்கக்கூடியது காற்று-பெட்ரோல் கலவைதான். காற்று மெலிந்தாலும் கார்புரேட்டர் கீழே கொடுத்த அளவை ஒட்டியே பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும், கோடை உயரத்தில் கலவை பத்து சதவீதம் அளவுக்குக் கொழுத்துவிடும். அதற்குப் பழைய வைத்தியம், நீடிலின் கிளிப்பை ஒரு காடி மேலே மாற்றி நீடிலைக் கீழிறக்குவது, அல்லது ஒரு நம்பர் சிறிய மெயின் ஜெட்.

ஆனால் அந்த வைத்தியம் எழுதப்பட்டது சுத்தப் பெட்ரோல் காலத்தில். பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கே போதும். அதாவது இ20 போட்ட பழைய கார்புரேட்டரில் கலவை தானாகவே ஏழெட்டு சதவீதம் மெலிகிறது. மலை கொழுக்க வைக்கிறது, எத்தனால் மெலிய வைக்கிறது. கோடைக்கானலில் இரண்டும் கிட்டத்தட்டச் சமன். எங்களைப் போல நடுமலையில் இருப்பவர்களுக்கு மெலிவுதான் கொஞ்சம் மிஞ்சும். இந்த நிலையில் யாரோ சொன்னார்கள் என்று நீடிலை இன்னும் இறக்கினால், மூட்டையோடு மேடேறும் வண்டியின் பிஸ்டன் சூட்டில் பிடித்துக்கொள்ளும். ஆகவே உயரத்தைக் கேட்டு ஜெட்டை மாற்றாதீர்கள், பிளக்கைக் கேட்டு மாற்றுங்கள்.

ஐடில் கலவை ஸ்க்ரூவுக்கும் ஒரு வார்த்தை. கலவை ஸ்க்ரூ ஏர் பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருப்பினால் கலவை மெலியும். என்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலை, வெளியே திருப்பினால் கொழுக்கும். தொடும் முன்பு மெல்ல உள்ளே மூடி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவைத்துக்கொண்டால் திரும்பி வர வழி இருக்கும். என்ஜின் சூடாக இருக்கும்போது, ஆர்பிஎம் எங்கே அதிகமாக ஏறுகிறதோ அங்கே நிறுத்தி, பிறகு ஐடிலைக் குறைக்க வேண்டும்.

இதையெல்லாம் எங்கே வைத்துச் செய்வது என்பது மலையில் பெரிய கேள்வி. சரிவில் நிற்கும் வண்டியில் கிண்ணத்துப் பெட்ரோல் மட்டமே சாய்ந்திருக்கும், அங்கே செய்த ட்யூனிங் பொய். ஆயில் மட்டமும் அப்படியே. அடுக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரே சமதளம் காப்பி காயப்போடும் களம். அறுவடை இல்லாத மாதங்களில் அதுதான் என் பட்டறை. டிப்ஸ்டிக்கைத் திருகாமல், சும்மா நுழைத்து எடுத்து அளவு பார்க்க வேண்டும், ஹோண்டா வம்சத்து வழக்கம் இது. இந்த என்ஜினில் ஒரு லிட்டர்கூடப் பிடிக்காது, மாற்றும் ஆயில் பில்டரும் கிடையாது, உள்ளே ஒரு வலை மட்டும். அதனால் அடிக்கடி மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று இருக்கும் பைக் ஆயிலையே ஊற்றுங்கள். கார் ஆயிலில் கிளட்ச் வழுக்கும்.

டயரில் காற்று பைக் கணக்கில் அடிக்கக் கூடாது. பைக்குக்கு 25, 30 பிஎஸ்ஐ என்றால் இதற்கு ஐந்துக்குப் பக்கத்தில்தான். சரியான அளவு டயர் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும். பங்க் மீட்டரில் அது முள்ளே அசையாத அளவு, சைக்கிள் பம்ப்தான் நம்பகம். பின் அச்சில் டிஃபரன்ஷியல் கிடையாது, இரண்டு சக்கரமும் ஒட்டிச் சுழலும். ஒரு டயர் சற்றுச் சிறுத்திருந்தாலும் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். தையல்கார டேப்பால் இரண்டு டயரின் சுற்றளவையும் அளந்து, சமமாக வரும்வரை காற்றைச் சரிசெய்வேன். மீட்டரைவிட இந்த டேப் நேர்மையானது.

ஏற்றத்தைப் பற்றி எல்லாரும் கவலைப்படுகிறோம், ஆளைக் கொல்வது இறக்கம். தானியங்கி கிளட்ச் வண்டியில் ஆர்பிஎம் குறைந்ததும் கிளட்ச் விட்டுவிடும், என்ஜின் பிடிப்பு போய் வண்டி நியூட்ரலில் உருளும். மூட்டையோடு இறங்கும்போது முழுச் சுமையும் பிரேக் மேல்தான். முன் டிரம்மின் கேபிள் தளர்வு, பின் டிஸ்க்கின் பேட் கனம், பிரேக் ஆயில் நிறம் மூன்றையும் நான் என்ஜினுக்கு முன்பே பார்ப்பேன். கறுத்துப்போன பிரேக் ஆயிலில் ஈரம் ஏறியிருக்கும், சூட்டில் கொதித்து லீவர் கைக்குள் மடங்கிவிடும். டாட் 3-ஆ 4-ஆ என்பது மூடி மேலேயே எழுதியிருக்கும். மூட்டையைப் பின்பக்கம் உயரமாகக் கட்டிக்கொண்டு மேடேறினால் முன்சக்கரம் தூக்கும். மூன்று சக்கர ஏ.டி.வி.கள் கவிழ்ந்து கவிழ்ந்துதான் அமெரிக்காவில் 1988-ல் அவற்றின் விற்பனையையே நிறுத்தினார்கள். நாலு சக்கரம் இருப்பதால் கவிழாது என்று எண்ணிக்கொண்டு பின்னால் ஆளை உட்காரவைக்காதீர்கள்.

வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் சிடிஐ யூனிட்டை மாற்றச் சொல்லும் ஆட்களிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கில் ஸ்விட்ச், பின்னால் தொங்கும் பாதுகாப்புக் கயிறு, பிரேக் பிடித்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும் ஸ்விட்ச், இந்த மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் ஈரமோ எறும்போ இருக்கும்.

இந்த வண்டிகள் பலவற்றில் கிக்கர் கிடையாது, தானியங்கி கிளட்ச் என்றால் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. ஐப்பசி பிறக்கும் முன்பே பேட்டரியை முழுச் சார்ஜில் வைத்து, நிற்கப்போகும் வண்டியென்றால் டேங்க் குழாயை மூடிக் கிண்ணத்துப் பெட்ரோலை வடித்துவிடுவேன். ஒரு பிளக், ஒரு ஸ்பாஞ்ச், ஒரு மீட்டர் பெட்ரோல் டியூப், ஒரு டப்பா ஆயில், ஒரு ஜதை பிரேக் பேட், இவற்றைப் பெரியகுளத்தில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் ரோடு மூடினாலும் தை வரை ஓட்டலாம்.