அடைக்கோழியை அறிந்து நடப்போம்



லயத்துப் பின்புறத்தில் நாலைந்து ஊர்க்கோழி வளர்க்கிற வீடுகள் நம்மில் பல. கோழி அடை கிடந்தால் என்ன செய்வது என்பதே இம்முறைப் பாடம். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வளவுக் கோழிகளோடு பழகிப் பார்த்ததைக் கொண்டு இதைச் சொல்கிறோம்.

எல்லாக் கோழியையும் அடை வைக்கலாமா?

ஊர்க்கோழி ஓர் ஈட்டில் 12 முதல் 15 முட்டை வரை போடும். பிறகு உடம்பில் புரோலக்டின் என்னும் சுரப்பு கூடி, முட்டை நின்று அடைக்குணம் வரும். கூட்டை விட்டு எழும்பாது. கிட்டப் போனால் சிலிர்த்துக் கொத்தும். அடை 21 நாள், குஞ்சோடு திரிவது இரண்டு மாதம் என்றால், ஏறக்குறைய மூன்று மாதம் அந்தக் கோழியிடம் முட்டை இல்லை. பிள்ளைக்கு அவிச்சுக் கொடுக்கிற முட்டையும் நின்றுபோகும். ஆகவே எதை வைப்பது, எதைக் கலைப்பது என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

வைக்கும் முறை

ஒரு வாரத்துக்குள் போட்ட, வெடிப்பில்லாத முட்டையாக 10 அல்லது 12 போதும். கூட வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு போதாது. எல்லாவற்றையும் ஒரே நாளில், இரவில் வையுங்கள். பெட்டியில் காய்ந்த மணலும் வைக்கோலும் போட்டு, பேனுக்குக் கொஞ்சம் சாம்பலும் வேப்பிலையும் இடுங்கள். ஏழாம் நாள் இருட்டில் டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்தி வலைபோல் நரம்பு தெரிந்தால் கரு உண்டு. தெளிவாக இருந்தால் எடுத்துவிடுங்கள். 18ஆம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொட வேண்டாம். தாய்க்கோழி நாளுக்கு ஒருமுறை இறங்கித் தின்று வரட்டும்.

இடிக்குப் பயந்து கரித்துண்டும் இரும்பாணியும் வைப்பார்கள். அதனால் கெடுதி இல்லை, பலனும் இல்லை. முட்டையைக் கூழாக்குவது ஈரமும் குளிரும்தான். வாவிக்கரையில் நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி. 2011 ஜனவரி வெள்ளத்தில் பள்ளக் காணிகள் மூழ்கின. அதனால் பெட்டி நிலத்தை விட்டு உயர இருக்க வேண்டும். மாரி கழிந்து அடை வைப்பது நல்லது. மேற்கு மலைத் தோட்டங்களில் மே மாதம் பெருமழை தொடங்கும். மாசியில் வைத்தால் மழைக்கு முன் குஞ்சு தேறிவிடும்.

இரண்டு கோழி சேர்ந்து அடை கிடந்தால்?

இரண்டையும் ஒரே நாளில் வையுங்கள். பொரித்ததும் இரவோடு இரவாக எல்லாக் குஞ்சையும் ஒரு தாயிடம் சேர்த்துவிடுங்கள். காலையில் தன் குஞ்சென்றே அது கூட்டிப் போகும். மற்றது சீக்கிரம் முட்டைக்குத் திரும்பும்.

கலைக்கும் முறை

தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகு குத்துவதும் வாயில்லாச் சீவனுக்கு வதை. அடியில் காற்றுப் போகிற கம்பிக் கூட்டில், வைக்கோல் இல்லாமல், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நாலு நாள் விடுங்கள். வயிற்றுச் சூடு தணிந்தால் அடைக்குணம் போகும்.

குஞ்சு பொரித்த பிறகு

பத்துப் பொரித்தது என்று சந்தோஷப்பட்டால் போதாது; எத்தனை வளர்ந்தது என்பதே கணக்கு. காகம், பருந்து, கீரி மூன்றும் காத்திருக்கும். முதல் நாலு வாரம் தாயையும் குஞ்சையும் கவிழ்த்த கூடைக்குள் வைத்து, குறுணலும் தண்ணீரும் கொடுங்கள். மலைக்குளிரில் இன்னும் இரண்டு வாரம் தாயோடு விடுங்கள். இராணிக்கெட் நோய் வந்தால் முழுக் கூட்டமும் போய்விடும். வந்த பின் மருந்தில்லை. ஆகவே குஞ்சு பொரித்த வாரமே அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள்.

ஞாபகத்தில் வையுங்கள்: நல்ல தாய் ஒன்று, முட்டை பன்னிரண்டு, காய்ந்த பெட்டி, காலத்தில் தடுப்பு மருந்து. இந்த நாலும் இருந்தால் வீட்டுக்கு முட்டையும் மிஞ்சும், அவசரத்துக்கு விற்கக் கோழியும் இருக்கும்.