பொட்டிபுரம் பாறை முதல் போடி ஏலக்காய் வரை: ராமன் நுண்ணோக்கி – முக்கியக் குறிப்புகள்

• பொட்டிபுரம்: தேனி மாவட்டம், போடி மேற்கு மலை அடிவாரம். நியூட்ரினோ ஆய்வகத்துக்குத் தேர்வான இடம். மத்திய அமைச்சரவை ஒப்புதல் 2015 ஜனவரி. இங்குள்ள பாறை சார்னோக்கைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் வைத்த பெயர்.

• தென்னிந்திய சார்னோக்கைட் படிகங்கள் பலவற்றில் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் உண்டு. உள்ளே, பூமியின் ஆழத்தில் சிக்கிய கார்பன் டை ஆக்சைடு. உடைத்தால் வாயு போய்விடும். உடைக்காமலே உள்ளிருப்பதைச் சொல்வது ராமன் நுண்ணோக்கி. இவ்வாயுவின் அடையாளம் 1285, 1388 செ.மீ⁻¹ அருகே இரட்டைக் கோடு. இரண்டாகப் பிரிவதன் காரணத்தை விளக்கியவர் ஃபெர்மி (1931).

• ராமன் விளைவு: 28.2.1928, கொல்கத்தா. சி.வி. ராமன் பிறந்தது திருவானைக்காவல்; உடன் உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர். 1930 நோபல் பரிசு ராமனுக்கு மட்டும். தேசிய அறிவியல் தினம் இந்தக் கண்டுபிடிப்பு நாளே (பிப்ரவரி 28); ராமனின் பிறந்த நாள் (நவம்பர் 7) அல்ல.

• சிதறும் ஒளியில் பெரும்பங்கு நிறம் மாறாது (ராலே சிதறல்). ஏறத்தாழ கோடியில் ஒரு ஃபோட்டான் மட்டும் மூலக்கூறின் அதிர்வுக்கு ஆற்றல் கொடுத்தோ, அதிலிருந்து எடுத்தோ நிறம் மாறும். கொடுத்தால் ஸ்டோக்ஸ், எடுத்தால் எதிர்-ஸ்டோக்ஸ். மாற்றத்தின் அளவை (செ.மீ⁻¹ அலகில்) பார்த்தாலே பொருள் எதுவென்று தெரியும். சாயம் ஏற்ற வேண்டாம். நிறம் மாறிய ஒளியின் குறி இவ்வளவு மங்கலாக இருந்ததால்தான் 1960-இல் லேசர் வரும்வரை இத்துறை நத்தை வேகத்தில் நகர்ந்தது.

• ராமன் நுண்ணோக்கி: 1970-களின் நடுவில் உருவானது; பிரான்சின் லீல் நகரில் தெலாய், தாமெலாங்கூர் குழு.

• ஏலக்காய் மணத்துக்கு முக்கியக் காரணம் 1,8-சினியோல், டெர்பினைல் அசிடேட். சினியோலின் வலுவான ராமன் கோடு 652 செ.மீ⁻¹ அருகே. சிக்கல் என்னவென்றால், போடி சந்தையில் விலை சொல்லும் அதே பச்சை நிறம் இங்கே இடைஞ்சல்: பச்சையம் ஒளிர்ந்து ராமன் குறியை மூழ்கடிக்கும். அதனால் தாவர ஆய்வில் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் பயன்படுகிறது.

• திசு ஆய்வு: நீரின் ராமன் குறி பலவீனம்; ஈரத் திசுவையும் அப்படியே பார்க்கலாம். அகச்சிவப்பு உட்கவர்தல் முறையில் நீர் குறுக்கே நிற்கும்.

• தூண்டப்பட்ட ராமன் நுண்ணோக்கி (2008, ஹார்வர்டு, சன்னி ஷீ குழு): இரண்டு லேசர்களின் அதிர்வெண் வேறுபாடு மூலக்கூறு அதிர்வோடு பொருந்தும்போது குறி பல மடங்கு கூடுகிறது. கொழுப்பு 2845, புரதம் 2930 செ.மீ⁻¹ அருகே தெரியும். மூளைக் கட்டி அறுவையின்போதே, உறையவைத்துச் சீவாமல், திசுவைப் படமாக்க இது உதவுகிறது.

• குழப்ப வேண்டாம்: 2014 வேதியியல் நோபல் (பெட்சிக், ஹெல், மோர்னர்) ராமன் முறைக்கு அல்ல. அது ஒளிரும் மூலக்கூறுகளைக் கொண்டு, அபே 1873-இல் வகுத்த ஒளியியல் எல்லையைத் தாண்டிய நுண்ணோக்கிக்கு.