சிங்கிளாக ஏறாதீர்கள்

லாரி ஓட்டுகிறவர் உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டால், ஓட்டி ஓய்ந்த ஒரு டிரைவர் முதலில் திட்டுவது 2018ஆம் வருஷத்தை. நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருந்தாக வேண்டும் என்ற விதியை மத்திய அரசு அந்த வருஷம்தான் எடுத்துவிட்டது. அதற்கு முன்பும் பல வண்டிகள் சிங்கிளாக ஓடின. கிளீனரையே இரண்டாவது டிரைவராகக் காட்டிச் செக்போஸ்ட்டைத் தாண்டின. "முன்னாடி ஒளிச்சுச் செஞ்சதை அப்பறம் நெஞ்ச நிமித்திச் செஞ்சாங்க, அவ்வளவுதானுங்க" என்பது அவர் தீர்ப்பு.

நாமக்கல் பக்கத்துக்காரர். டெல்லி லைன் ஓட்டியவர். சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஆக்ரா என்று போகும் 44ஆம் எண் நெடுஞ்சாலையில் எந்த ஊர்த் தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும், எந்த பங்க்கில் கக்கூஸ் சுத்தமாக இருக்கும் என்று இப்போதும் தடுமாறாமல் சொல்வார். இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கோழித்தீவனம் லோடு ஏற்றும் இடத்தில் கணக்குப் பார்க்கிறார். புதிதாக லைனுக்குப் போகும் பையன்கள் அங்கே வண்டியைப் போட்டால், கேட்டாலும் கேட்காவிட்டாலும் பாடம் உண்டு: ரெண்டாவது ஆள் இல்லாமல் ஏறாதே.

கால் விரலுக்கும் ரெண்டாவது ஆளுக்கும் என்ன சம்பந்தம்? அதை மட்டும் அவர் அவசரப்படாமல் சொல்வார்.

நாற்பத்தைந்து வயதுவாக்கில் சர்க்கரை என்று தெரிந்தது. ஊரில் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதினார். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடவேண்டிய ரகம். கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைப்பது. போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை தடாலென்று இறங்கும். நேரத்துக்குச் சாப்பிடுகிற ஆளுக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. அடிலாபாத்துக்கு முன்னால் ஓர் இரவு, அடுத்த தாபாவில் நிறுத்திவிடலாம் என்று மாத்திரையைப் போட்டார். எதிரே கன்டெய்னர் கவிழ்ந்து ரோடு அடைத்துக்கொண்டது. முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் நின்று, நகர்ந்து, மறுபடி நின்று, இரண்டு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. வேர்த்தது. கை நடுங்கியது. முன்னால் நின்ற வண்டியின் சிவப்பு விளக்கு இரண்டிரண்டாகத் தெரிந்தது. பக்கத்தில் படுத்திருந்த ரெண்டாவது டிரைவர், ராசிபுரத்து ஆள், எழுந்து, "என்னண்ணா இப்பிடி வேர்க்குது" என்று ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். டூல்ஸ் பாக்ஸில் இருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினார். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டது.

அதற்கப்புறம் ரெண்டு டிரைவர் விதி போனது. முதலாளி ராசிபுரத்து ஆளை நிறுத்தினார். அவர் சம்பளத்தில் பாதியை இவருக்குச் சேர்த்துக் கொடுப்பதாகப் பேச்சு. மகள் நர்ஸிங் சேர்ந்திருந்த நேரம். பணம் வேண்டியிருந்தது, ஏறினார். கேபினில் தனியாக உட்கார்ந்ததும் மாத்திரையைப் பார்த்தாலே அடிலாபாத் ஞாபகம் வந்தது. இப்போது மயங்கினால் எழுப்ப யார் இருக்கிறார்கள்? முதலில் ஓட்டும் நாளில் மட்டும் விட்டார். ஓட்டாத நாள் ஏது? மாத்திரை அப்படியே நின்றுபோனது.

மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்தது. சர்க்கரை ஏறினால் தாகம் எடுக்கும், ஒண்ணுக்கு அடிக்கடி போகும். சிங்கிள் டிரைவர் அடிக்கடி நிறுத்த முடியாது என்பதால் தண்ணீரைக் குறைத்தார். பாதம் மரத்தது, அதை உட்கார்ந்தே ஓட்டுவதால் வரும் மரப்பு என்று நினைத்தார். பழைய கேபினில் என்ஜின் சூடு இறங்குவது டிரைவரின் இடது காலுக்குத்தான், கிளட்ச் மிதிக்கிற காலுக்கு. நாக்பூர் வெயில் 45 டிகிரியைத் தொடும் மே மாதத்தில், வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினார். கொப்பளம் வந்தது, உடைந்தது. வலி மட்டும் தெரியவில்லை. சாக்ஸே போடாத காலில் ஈரமாக ஏதோ ஒட்டுகிறதே என்று பார்த்தபோது பாதி ட்ரிப் பாக்கி இருந்தது. லோடு இறக்கி, ரிட்டர்ன் லோடு பிடித்து ஊர் திரும்புவதற்குள் சீழ் வைத்து, விரல்கள் கறுத்துவிட்டன.

இதில் அந்த டாக்டரை அவர் மன்னிக்கவே இல்லை. "என்ன தொழில்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க. கேட்டிருந்தா வேற மாத்திரை குடுத்திருப்பாரு." இவர் தானாகச் சொன்னாரா என்றால், "டாக்டருல்ல கேக்கோணும்?" எப்படியோ, அறிவுரை நல்ல அறிவுரை: டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் லாரி டிரைவர் என்று சொல்லிவிட வேண்டும். சர்க்கரையைத் தடாலென்று இறக்காத மருந்துகள் உண்டு. மெட்ஃபார்மினைத் தனியாகப் போட்டால் அந்த ஆபத்து மிகக் குறைவு. எந்த மாத்திரையானாலும் டேஷ்போர்டில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்க வேண்டும். படுக்கும் முன் போனை உள்ளங்காலுக்கு நேரே பிடித்து ஒரு போட்டோ எடுத்துப் பார்க்கச் சொல்கிறார். குனிந்து பார்க்கத் தொப்பை விடாது. ரப்பர் செருப்பு வேண்டாம், சாக்ஸும் மூடிய ஷூவும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. டிரைவர் அப்போது நாக்பூரில் இருப்பார். வீட்டில் வாங்கி வைக்கட்டும்.

வேலை நேரம் என்று பேச்சு வந்தால், 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை அவர் மனப்பாடமாகச் சொல்வார். நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48; தொலைதூர ரூட்டானால் 10, 54 வரை போகலாம் என்று இருந்தது. தொடர்ந்து 5 மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணி நேரமாவது ஓய்வு. சட்டம் பொருந்த ஐந்து தொழிலாளர்களாவது இருக்க வேண்டியிருந்தது. அவருடைய முதலாளி வண்டிகளைத் தன் பேரில், மனைவி பேரில், மச்சான் பேரில் என்று பிரித்து வைத்திருந்தாராம். "எந்தப் பேருலயும் அஞ்சு ஆளு தேறாதுங்க."

தூக்கத்துக்கு வந்தால் அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. சிங்கிள் டிரைவர் வண்டியை நிறுத்திய பிறகு வாட்ச்மேன் ஆகிவிடுகிறார். டேங்கில் டியூப் விட்டு டீசல் உறிஞ்சுவார்கள், தார்ப்பாயைக் கிழித்து மூட்டை இறக்குவார்கள், ஸ்டெப்னி போகும். போனதற்கெல்லாம் டிரைவர் சம்பளத்தில்தான் பிடித்தம். ஒரு காதைத் திறந்து வைத்துப் படுக்கிறவருக்கு எட்டு மணி நேரம் படுத்தாலும் அது தூக்கக் கணக்கில் வராது. மறுநாள் பின்னிரவு இரண்டு மணிக்கு மேல், உடம்பு தானாகவே தளரும் நேரத்தில், அது வட்டியோடு வரும். 60 கிலோமீட்டர் வேகத்தில் நாலு விநாடி கண் சொக்கினால் வண்டி 66 மீட்டருக்கு மேல் ஆளில்லாமல் ஓடியிருக்கும்.

சிங்கிளாகப் போய்த்தான் தீர வேண்டும் என்றால், வெளிச்சமும் நடமாட்டமும் உள்ள பங்க்கில் டேங்க் மூடி சுவர்ப்பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள் என்கிறார். எண்ணெய் நிறுவனங்கள் சில பங்க்குகளில் 'அப்னா கர்' என்று டிரைவர்களுக்குப் படுக்கையும் குளியலறையும் கட்டியிருக்கின்றன. கண் எரிய ஆரம்பித்தால் ஒரு டீ குடித்துவிட்டு உடனே இருபது நிமிஷம் படுக்க வேண்டும். டீ வேலை செய்யவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். பாட்டு, ஜன்னல் காற்று, முகத்தில் தண்ணீர், ஹான்ஸ் புகையிலை எதையும் அவர் நம்புவதில்லை. ஹான்ஸ் வாயில் அதக்கியவர்களின் வாய் என்ன ஆனது என்பதற்கு அவரிடம் தனிப் பட்டியல் இருக்கிறது.

சாப்பாடு, உடற்பயிற்சி எல்லாம் அவருக்கு நாலு வரிச் சமாச்சாரம். ஸ்டவ்வும் குக்கரும் டூல்ஸ் பாக்ஸில் இருக்கட்டும். புளிக்குழம்பை வீட்டிலேயே காய்ச்சி வாங்கிக்கொள், மூன்று நாள் தாங்கும். பருப்புப்பொடி அரைத்து வாங்கிக்கொள். அரைத்துக் கொடுக்க வீட்டில் ஆள் இருக்கிறதா என்று அவர் கேட்பதில்லை. கேபினிலிருந்து குதிக்காதே, படியில் கால் வைத்து இறங்கு. டயர் தட்டிப் பார்க்கும் சாக்கில் வண்டியைப் பத்துச் சுற்று சுற்றி வா. ஏசி கேபின்? 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு அது கட்டாயம். "என் காலு வெந்த பொறகு ஏசி போடுறாங்க."

மனசைப் பற்றிக் கேட்டால் நேரே பதில் வராது. ஒரு குடோன் வாசல் வரும். டெல்லிக்கு வெளியே ஒரு கம்பெனி. லோடு இறக்காமல் நாள்கணக்கில் வரிசையில் போட்டுவிடுவார்கள். கேட்டுக்குள் இருக்கும் கக்கூஸுக்கு டிரைவரை விடமாட்டார்கள். காத்துக் கிடப்பதற்கான ஹால்டிங் காசு பார்ட்டி கொடுத்தாலும் ஆபீஸோடு நின்றுவிடும். ராசிபுரத்து ஆள் இருந்தபோது இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் சமைத்து, சண்டை போட்டு, வாட்ச்மேனை வாய்க்கு வந்தபடி தமிழில் திட்டிச் சிரித்துப் பொழுதை ஓட்டியிருக்கிறார்கள். சிங்கிளாகப் போன பிறகு அதே வாசலில் யாரோடும் பேசாமல் கிடந்திருக்கிறார். வீட்டிலிருந்து போன் வந்தால் எரிந்து விழுந்திருக்கிறார். ஹால்டிங் தொகையை லோடு ஏற்றும் முன்பே லோடு ரசீதான பில்டியில் எழுதி வாங்கு, வீட்டுக்கு ஒரே நேரத்தில் பேசு, வண்டி ஓடும்போது பேசாதே என்று பையன்களுக்குச் சொல்கிறார். விபத்து பயத்துக்கும் அவர் மருந்து ரெண்டாவது ஆள்தான். மோதிவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சம்ஹிதா பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் லாரிகள் நின்றபோது, கூட்டம் அடிக்கும் என்ற பயத்தில்தான் டிரைவர் ஓடுகிறார் என்று பேசியவர்களில் அவரும் ஒருவர். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் போலீஸுக்குப் பேசலாம் என்பது அவர் வாதம்.

பேட்டா பேசுவதற்கு முன்னால் ரெண்டாவது ஆள் யாரென்று கேள், இல்லை என்றால் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிடு என்று அவர் பையன்களிடம் சொல்லும்போது, மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும் மனைவி சில நாள் பக்கத்தில் இருப்பார். மனைவிக்கு ஞாபகம் இருப்பது வேறு. முதலாளி பேச்சையே எடுக்கவில்லையாம். விதி போன செய்தியைப் போனில் பார்த்துவிட்டு, ராசிபுரத்து ஆள் சம்பளத்தில் பாதியைத் தனக்குக் கொடுத்தால் தானே தனியாக ஓட்டிவிடுவதாக ஆபீஸுக்குப் போய்க் கேட்டது இவர்தானாம்.

அவர் மறுப்பதில்லை. "கேட்டேன்தானுங்க" என்கிறார். "வண்டி அவருது. முடியாதுன்னு அவரு சொல்லியிருக்கலாமில்ல?"