ஒப்பாரியும் ஒரு பாடமே

அழுகின்ற தங்கையைப் பார்த்து, "ஒப்பாரி வைக்காதே!" என்று நாம் கேலி செய்கிறோம். அச்சொல்லின் பொருளை உணர்ந்தால் அப்படிச் சொல்ல நமக்கு நா எழாது.

இழந்தவரைப் பொன்னுக்கும் பூவுக்கும் நிழல் தந்த மரத்துக்கும் ஒப்பாகச் சொல்லி அழுவதே ஒப்பாரி. பிலாக்கணம் என்றும் கூறுவர். நம் மதுரை வட்டாரச் சிற்றூர்களில், துக்க வீட்டில் பெண்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு பாடுவர். ஏட்டைப் பார்த்துப் படித்த பாட்டன்று. வழிவழியாகக் கேட்ட மெட்டில் தம் துயரைத் தாமே கட்டிப் பாடுவது. தாயை இழந்த மகள், இனிப் பிறந்த வீட்டில் தன்னை 'வா' என்று அழைப்பவர் யார் என்று கேட்பாள். கணவனை இழந்தவள், பிள்ளைகளைக் கரையேற்றும் வழியைக் கேட்பாள். மற்ற நாளில் வாய்திறந்து சொல்ல இயலாத மனக்குறையையும் அன்று ஊரார் நடுவே சொல்லிவிடலாம்.

இம்மரபு மிகப் பழையது. தந்தையையும் பறம்பு மலையையும் ஒருங்கே இழந்த பாரி மகளிரின் பாடல் புறநானூற்றில் 112ஆம் பாட்டாக உள்ளது. இத்தகைய பாடலை இலக்கணத்தார் 'கையறுநிலை' என்பர்.

கடல் கடந்த நாடுகளிலும் இதே துயரம் பாட்டாகியிருக்கிறது. பால்கன் நாட்டுப் பாடலான 'ஹசனாகினிகா', கணவனால் விலக்கப்பட்டுத் தன் குழந்தைகளைப் பிரிந்த தாய் நெஞ்சுடைந்து இறந்த கதையைச் சொல்கிறது. இத்தாலியரான போர்த்திஸ் 1774இல் அதனை அச்சிட்டார். ஜெர்மானியப் பெருங்கவிஞர் கெதே அதனைத் தம் மொழியில் பெயர்த்தார்.

நம் திருமறையும் கண்ணீரை இகழவில்லை. லாசரின் கல்லறையருகே இயேசு பெருமான் கண்ணீர் விட்டார். சிலுவையடியில் நின்ற தேவ அன்னையின் துயரை வீரமாமுனிவர் 'அன்னை அழுங்கல் அந்தாதி'யாகப் பாடினார்.

தோழியரே, ஒப்பாரி பாடத் தெரிந்தவர் ஊருக்கு ஊர் குறைந்து வருகின்றனர். நம் பாட்டியைப் பாடச் சொன்னால், "நல்ல நாளில் வீட்டில் பாடலாகாது" என்று மறுக்கக்கூடும். ஆகவே பாடச் சொல்ல வேண்டாம். "யாரை நினைத்து அழுதீர்கள் பாட்டி?" என்று மட்டும் அருகமர்ந்து கேட்போம். அவர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டு எழுதி வைப்போம். நம் குடும்பத்தின் எழுதப்படாத வரலாறு அதில் இருக்கும். பிறர் துயரைக் கேட்கப் பழகுவதும் கல்வியே அன்றோ?