கண்ணிமை சொன்ன சேதி

மாணவர்களே! சிறிது நேரம் நீங்கள் ஒரு செவிலியர் என்று கற்பனை செய்து கொள்ளுங்கள். மழைக்காலம். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்களுக்கு இரவுப் பணி. விடியற்காலை 5 மணிக்குப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைத் தோளில் சுமந்துகொண்டு அவன் தந்தை ஓடி வருகிறார்.

"ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டுப் படுத்தான், சிஸ்டர். மூணு மணிக்கு வயிறு வலிக்குதுன்னு அழுதான். இஞ்சிச் சாறு கொடுத்தோம். இப்போ கண்ணையே திறக்க மாட்டேங்கிறான். பேச்சும் குழறுது."

வயிற்று வலிக்கு மாத்திரை கொடுத்து, "தூக்கக் கலக்கம்தான், படுக்க வையுங்கள்" என்று சொல்லிவிடலாமா? கூடாது. அப்படிச் சொன்னால் சிறுவன் பிழைப்பது அரிது. ஏன் என்பதைப் படிப்படியாக ஆராய்வோம்.

முதற்படி: பார், கேள், சோதி

சிறுவன் தூங்குகிறானா, அல்லது கண்ணைத் திறக்க முடியாமல் இருக்கிறானா? இரண்டும் வேறு வேறு. "தம்பி, என் கையை அழுத்து" என்கிறீர்கள். அவன் அழுத்துகிறான். ஆகவே நினைவு தெளிவாக இருக்கிறது. விரலை உயர்த்தி, "மேலே பார்" என்கிறீர்கள். அவன் முயல்கிறான், இமைகள் எழவில்லை. "ஒரே மூச்சில் எண்ணு" என்கிறீர்கள். எட்டுக்கு மேல் எண்ண முடியவில்லை. சுவாசத் தசைகளும் தளரத் தொடங்கிவிட்டன!

மூளைக் காய்ச்சலாக இருக்குமோ? உடம்பில் சூடு இல்லை, நினைவும் மங்கவில்லை. பூச்சிமருந்து உட்கொண்டிருப்பானோ? வயலில் தெளிக்கும் பாஸ்பரஸ் வகை மருந்தானால் வாயில் எச்சில் பெருகும். கண்ணின் பாவை ஊசிமுனைபோல் சுருங்கும். இவனிடம் இரண்டும் இல்லை.

அடுத்த கேள்விதான் முக்கியமானது: "பையன் எங்கே படுத்திருந்தான்?"

"தரையிலேதான், பாயிலே."

இரவு, தரை, வயிற்று வலி, தாழ்ந்த இமைகள். நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பெயர் மனத்தில் எழுகிறது: கட்டுவிரியன்!

"கடிவாய் எங்கேயும் இல்லையே!" என்கிறார் தந்தை. கட்டுவிரியனின் பற்கள் சிறியவை. கடித்த இடம் பெரும்பாலும் வீங்காது, வலியும் இராது. தூங்குபவர் விழித்துக்கொள்ளாமலே இருக்கலாம். ஆகவே தடயம் இல்லை என்பதால் கடி இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

நல்ல பாம்பு கடித்தாலும் இமை தாழும். ஆனால் கடித்த இடம் பொதுவாக வலித்து வீங்கும். சில பகுதிகளில் கண்ணாடி விரியனின் நஞ்சும் இமையைத் தாழ்த்துவதுண்டு. அதைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உள்ளது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிச் சோதனைக் குழாயில் 2 மில்லிலிட்டர் இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துப் பின் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விரியன் நஞ்சு இரத்தத்தைத் தாக்கியிருக்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் குழாய் இதற்கு உதவாது. கண்ணாடிப் பரப்புதான் உறைதலைத் தூண்டிவிடுகிறது.

இங்கே ஒரு வேடிக்கை. பெயரில் 'விரியன்' இருந்தாலும் கட்டுவிரியன் நல்ல பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தச் சிறுவனின் இரத்தம் ஒழுங்காக உறையும். ஆனால் 20 நிமிடம் முடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரை அழைத்துவிட வேண்டும்.

இரண்டாம் படி: உடலுக்குள் என்ன நடக்கிறது?

நரம்பு முனை தசையைத் தொடுவதில்லை. இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. நரம்பு முனையை ஓர் அஞ்சலகம் என்று கொள்வோம். அது அசெட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளைக் கடிதங்களாக அனுப்புகிறது. தசையில் உள்ள ஏற்பிகள் தபால் பெட்டிகள். கடிதம் பெட்டியில் விழுந்தால் தசை சுருங்கும். பழைய கடிதங்களை ஒரு நொதி உடனுக்குடன் துப்புரவு செய்துவிடும்.

நல்ல பாம்பின் நஞ்சு தபால் பெட்டியின் வாயை அடைக்கிறது. கட்டுவிரியன் நஞ்சிலும் அத்தகைய பொருள் உண்டு. ஆனால் அதன் முக்கிய நச்சு அஞ்சலகத்தையே இடித்துவிடுகிறது! கட்டுவிரியன் இனப் பாம்பு ஒன்றின் நஞ்சில் இவ்விரு வகை நச்சுகளையும் 1963-ல் தைவான் விஞ்ஞானிகளான சாங், லீ ஆகிய இருவரும் பிரித்துக் காட்டினர்.

இமைத் தசைகளே முதலில் தளர்கின்றன. பின்னர் முகம், நாக்கு, தொண்டை. இறுதியில் மூச்சு இழுக்கும் உதரவிதானம். தாழ்ந்த இமை, நின்றுபோகவிருக்கும் மூச்சைப் பற்றிய முன்னறிவிப்பு.

மூன்றாம் படி: எந்த மருந்து எதைச் செய்யும்?

முதல் மருந்து பாம்பு நஞ்சுமுறிவு மருந்து. 1894-ல் பிரான்சில் கால்மெட் முதலியோர் இதற்கு வழிகாட்டினர். குதிரையின் உடலில் சிறிது சிறிதாக நஞ்சைச் செலுத்தி, அதன் இரத்தத்தில் தோன்றும் எதிர்ப்பொருள்களைப் பிரித்தெடுக்கிறார்கள். இந்தியாவில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்துதான். இதற்கு வேண்டிய நஞ்சை வழங்குவதில், 1978-ல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

சிறுவன்தானே, பாதி அளவு போதுமா? போதாது. மற்ற மருந்துகளை உடல் எடைக்கு ஏற்பக் கொடுக்கிறோம். பாம்போ ஆள் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை. மருந்து முறிக்க வேண்டியது நஞ்சை. ஆகவே பெரியவர்க்கும் சிறுவர்க்கும் ஒரே அளவு. குதிரைப் புரதம் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். எனவே அட்ரினலின் ஊசியையும் தயாராக வைத்துக்கொண்டே மருந்தை ஏற்றுவார்கள்.

நான்குக்கும் ஒரே மருந்து என்றால், எந்தப் பாம்பு என்று ஆராய்வானேன்? நல்ல கேள்வி! நஞ்சுமுறிவு மருந்து இரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் பிடிக்கும். இடிந்த அஞ்சலகத்தைக் கட்டித் தராது. துப்புரவு நொதியைத் தடுக்கும் நியோஸ்டிக்மின் என்னும் மருந்து நல்ல பாம்புக் கடிக்கு உதவும். கடிதங்கள் அழியாமல் பெருகி, அடைத்து நிற்கும் நச்சோடு போட்டியிடும். கட்டுவிரியன் கடியிலோ கடிதமே வருவதில்லை, எதைக் காப்பாற்றுவது? எனவே அதனால் பெரும்பாலும் பயன் இராது.

அப்படியானால் சிறுவனைக் காப்பது எது? காற்று! மூச்சு தளரும்போது கைப்பையை அழுத்தியோ, இயந்திரத்தாலோ செயற்கைச் சுவாசம் தரவேண்டும். சில நாட்களில், சில வேளை சில வாரங்களில், நரம்பு முனைகள் மீண்டும் வளரும். அதுவரை நோயாளி அசைவற்றுக் கிடக்கலாம். கண்பாவைகூட ஒளிக்கு அசையாதிருக்கலாம். ஆனால் அவன் காதில் எல்லாம் விழுந்துகொண்டிருக்கும். "இறந்துவிட்டான்" என்று அவசரப்பட்டுக் கைவிடுவதே மிகப் பெரிய தவறு.

நீங்கள் செய்தது என்ன? மருத்துவரிடம் சொன்னீர்கள், மருந்தையும் சுவாசப் பையையும் எடுத்து வைத்தீர்கள், செயற்கைச் சுவாச வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தீர்கள். இதற்கெல்லாம் வழி காட்டியது ஒரு கண்ணிமை. அறிகுறியிலிருந்து காரணத்துக்கும், காரணத்திலிருந்து மருந்துக்கும் செல்லும் இந்தச் சிந்தனையே மருத்துவத்தின் உயிர்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தனர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. கடிபட்டவரைக் கண்டால் தைரியம் கூறுங்கள். கடிபட்ட கையையோ காலையோ மட்டை வைத்து அசையாமல் செய்யுங்கள். கயிற்றால் இறுகக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தரையில் படுக்க வேண்டியிருந்தால் கொசுவலையைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரே மூச்சில் உங்களால் எத்தனை வரை எண்ண முடிகிறது? நண்பர்கள் ஐந்து பேரையும் எண்ணச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறுவனின் எட்டோடு ஒப்பிடுங்கள்.

2. நண்பரின் கண்ணுக்கு நேரே விரலை நீட்டி, மெல்ல மேலே உயர்த்துங்கள். இமை எப்படி எழுகிறது என்று கவனியுங்கள்.

3. இரத்தச் சோதனைக்குச் சோப்பால் கழுவி, சோப்பு எச்சம் போகாத கண்ணாடிக் குழாயைப் பயன்படுத்தினால் முடிவு ஏன் தவறக்கூடும்? சிந்தியுங்கள்.